நாற்பத்தொன்பதில் அறுபதாம் கல்யாணம்

என் கணவர் எனக்கு இரண்டாவது முறை தாலி கட்டியபோது அவர் கை நடுங்கியது. பந்தலில் இருந்த பெண்கள், "பாவம், வயசாயிட்டுல்லா" என்று உச்சுக் கொட்டினார்கள். வயதெல்லாம் ஒன்றுமில்லை. பயம்.

பத்திரிகையில் அறுபதாம் கல்யாணம் என்று அச்சடித்திருந்தது. அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது.

தாராவியில் எங்கள் சந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேறி நிற்கவேண்டிய அகலம். அதற்குள் பந்தல் போடுவது எப்படி? இரண்டு பக்கக் கூரைகளுக்கும் நடுவே வேட்டிகளை இழுத்துக் கட்டி, அதைப் பந்தல் என்று சொல்லிக்கொண்டோம். சாம்பிராணிப் புகையையும் மீறி, பக்கத்துத் தோல் கிடங்கின் வாசனை வந்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர்கள் எல்லாம் மாதுங்காவில் பெரிய இடத்துக் கல்யாணங்களுக்குப் போய்விட்டதால், எங்களுக்குக் கிடைத்தது குர்லா பேண்டு. பூசாரி கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கியதும் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த இந்திப் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். காதலி கைவிட்டுப் போனதைப் பற்றிய பாட்டு அது என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏளா, முடிச்சு விழமாட்டேங்கு" என்று என் காதருகே முனகினார்.

"மொதத் தடவ விழுந்துச்சுல்லா, அதே மாதிரி போடுங்க. மில்லு சாகேப் பாக்காரு" என்றேன்.

இத்தனை கூத்தும் எதற்கு என்று கேட்பீர்கள். மாவு ஆட்டும் ஓர் இயந்திரத்துக்குத்தான்.

எந்த வீட்டு முறை

ஆட்டுரலில் இட்லி மாவு ஆட்டி விற்றுத்தான் நான் வியாபாரம் தொடங்கினேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு செம்பூரிலிருந்து ஒரு பெண், "கையால் ஆட்டிய மாவின் ருசியே தனி அல்லவா?" என்று கேட்டிருக்கிறாள். ருசி தனிதான் தாயி. தின்கிறவர்களுக்கு ருசி, ஆட்டுகிறவளுக்குத் தோள்பட்டை வலி.

என் மாவில் பெரும்பகுதி மாதுங்காவில் மெஸ் நடத்திய கிட்டு ஐயருக்குப் போகும். பின்வாசல் வழியாகத்தான் போகும். முன்வாசலில், 'சுத்தமான வீட்டு முறையில் தயாரானது' என்று பலகை மாட்டியிருந்தார். பொய் சொல்லவில்லை. எந்த வீடு என்று சாப்பிட வந்தவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆசாரமான ஆபீசர்கள் எல்லாம் சுடலைமுத்து பெண்டாட்டி பேச்சியம்மாள் ஆட்டிய மாவில் இரண்டு ஈடு இட்லி சாப்பிட்டுவிட்டு, எங்கள் சாதி ஆட்கள் தண்ணீர் சேந்தினால் ஆகுமா ஆகாதா என்று விவாதம் செய்துகொண்டு ரயிலேறுவார்கள்.

ஒரு நாள் ஐயர் என்னைப் பின்வாசலில் நிறுத்தினார்.

"பேச்சி, செம்பூர் காலனி கான்டீன் எனக்குக் கெடச்சுடுத்து. தீபாவளிலேர்ந்து நாலு பங்கு மாவு வேணும். ஒன்னால முடியுமோ?"

"முடியும் சாமி."

"கையாலயா? கொழுப்பெடுத்து முடியும்னு சொல்லாதே. சயான்ல ஒருத்தன் கோயம்புத்தூர்லேர்ந்து மோட்டார் வெச்ச கல்லு வரவழைக்கப் போறானாம். நீ முந்திண்டா ஆர்டர் ஒனக்கு. அவன் முந்திண்டா இந்த மெஸ் மாவும் அவனுக்குத்தான். ரெண்டு எடத்துல வாங்க என்னால முடியாது."

ஆக, கல் வாங்கினால் செம்பூர் கிடைக்கும். வாங்காவிட்டால் மாதுங்காவும் போய்விடும். இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்கிற வழி மட்டும் இல்லை.

ரூல்

மாதுங்காவில் ஒரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் கும்பகோணம் பக்கத்து மனிதர், தங்கமான குணம். உட்கார வைத்தார், காப்பி வரவழைத்தார். அந்த வங்கியிலிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் காப்பிதான்.

"அம்மா, ஒங்க மேல நம்பிக்கை இல்லேன்னு இல்லை. ரூல். ஒங்காத்துக்காரர் பேர்ல அப்ளிகேஷன் வரணும். நீங்க வேணும்னா பக்கத்துல உக்காந்துக்கலாம்."

கணவரை மில்லில் அரைநாள் லீவு போடச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்டிப் போனேன். மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டு பேட்டி எடுத்தார்.

"மிஸ்டர் சுடலைமுத்து, அரிசியும் உளுந்தும் என்ன ரேஷியோல போடறேள்?"

"அது அவ போடுவா."

"எத்தனை நாழி புளிக்கணும்?"

"காலைல எந்திரிச்சுப் பாத்தா பொங்கியிருக்கும் சார்."

"சரி, இந்த வியாபாரத்துல ஒங்க பங்குதான் என்ன?"

என் கணவர் யோசித்தார். மனதறிந்து பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "திம்பேன்" என்றார்.

மேனேஜர் பேனாவை மூடினார். தொழில் தெரியாதவருக்குக் கடன் கொடுக்க ரூல் இல்லை. எனக்குத் தெரியுமே என்றேன். பெண்பிள்ளைக்குத் தனியாகக் கொடுக்கவும் ரூல் இல்லை. கணவன் மனைவி இருவரும் ஈருடல் ஓருயிர் என்று கல்யாணத்தில் சொல்கிறார்களே, அந்த ஓருயிருக்காவது கொடுங்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. காப்பி குடித்த நன்றிக்காக அடக்கிக்கொண்டேன்.

ஏலச் சீட்டு எடுக்கலாம் என்று பார்த்தால், எங்கள் சந்தில் சீட்டு நடத்திய புண்ணியவான் அந்தச் சித்திரையில்தான் மொத்தச் சீட்டோடு மதராஸ் மெயிலில் ஏறியிருந்தார்.

குத்துவதற்குக் காது இல்லை

அப்போதுதான் எனக்கு மொய் ஞாபகம் வந்தது.

இந்தக் காலத்துப் பம்பாய்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம். மொய் என்றால் அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் இன்று இரண்டு ரூபாய் எழுதினால், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் நாளை மூன்றாகத் திருப்பி எழுதவேண்டும். கையெழுத்து, ஜாமீன், ரூல் ஒன்றும் கிடையாது. மறந்தால் சந்தில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆட்களின் வங்கி அது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பணத்தை வெளியே எடுக்க வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். விசேஷத்துக்குப் பிள்ளை வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நான் பம்பாய்க்கு வந்த நாள் முதல் எழுதிக்கொண்டே இருந்தேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு. தாராவியில் மட்டுமல்ல, குர்லாவுக்கும் பாண்டுப்புக்கும் ரயிலேறிப் போய் எழுதினேன். ஒரு வீட்டில் ஒரே பையனுக்கு இரண்டு தரம் காது குத்தினார்கள். முதலில் போட்ட துளை தூர்ந்துபோயிற்றாம். இரண்டாவது துளைக்கும் எழுதினேன்.

எதிர்வீட்டுச் சண்முகவடிவு அக்கா மொய் எழுதும் இடத்தில் எப்போதும் என் பக்கத்தில் நிற்பாள். "ஒனக்கென்னட்டீ, பிள்ளையா குட்டியா, கூடக் கொஞ்சம் எழுதேன்" என்பாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள், அதாவது பத்துக் காதுகள். பத்துக்கும் நான் எழுதியிருக்கிறேன். மொய் எழுத என்னை முன்வரிசையில் கூப்பிடுவார்கள், நலுங்கு வைக்கும்போது பின்னால் நிறுத்துவார்கள். எனக்கு வலிக்கும். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, உளுந்தோடு சேர்த்து அதையும் ஆட்டிவிடுவேன்.

என் முதல் முழுவதும் சந்து சந்தாக, வீடு வீடாகக் கிடந்தது. எடுக்க ஒரு காது இல்லை.

சண்முகவடிவு அக்காவிடம் ஆழம் பார்த்தேன். "அக்கா, மிசினு வாங்கி அதுக்கு ஒரு தொறப்பு விழா வச்சா மொய் செய்வியளா?"

"கல்லுக்கு எவளாவது மொய் செய்வாளாட்டீ?" என்று சிரித்தாள்.

மீசை

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கண்ணாடி முன் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்தைந்திலேயே மீசை நரைத்துவிட்டது. மில்லில் யாருக்கும் தெரியாது. நான் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னளா பாக்க?"

"ஒங்களுக்கு அறுபது ஆகட்டுமே" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பத்திரிகையில எம் பேரப் பெரிசாப் போடுவாவளா?" என்று கேட்டார். எங்கள் முதல் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய பெரியப்பா பேர்தான் பெரிதாக இருந்தது.

"பெரிசாப் போடச் சொல்லுதேன்."

"அடுத்தவன் வாசல்லயே இத்தன வருசமும் வாழமரம் கட்டியாச்சு. நம்ம வாசல்ல ஒண்ணு கட்டுவோமே" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அன்றுதான் எனக்குத் தெரிந்தது, காதில்லாத வீடு அவருக்கும் வலித்திருக்கிறது என்று.

அன்றிலிருந்து மீசைக்கு மை பூசுவதை நிறுத்திவிட்டார். மில்லில் அவருக்கு ஏதோ நோய் என்று பேசிக்கொண்டார்கள். பூசாரி ஜாதகம் கேட்டார். தாமிரபரணி வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். "எந்த வெள்ளம்?" என்றவர், தன் மகள் சடங்குக்கு நான் எழுதியது ஞாபகம் வந்தோ என்னவோ, பஞ்சாங்கத்தை மூடி நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

சண்முகவடிவு அக்காதான் மசியவில்லை. அவள் கணவர் இசக்கி அண்ணாச்சி எங்களவர் வேலை பார்த்த அதே மில்லில் ஆபீஸ் பியூன்.

"ஒன் வீட்டுக்காரரும் இவுகளும் ஒண்ணாக் கபடி வெளயாண்டவுகல்லா? இவுகளுக்கே அம்பதுதானட்டீ ஆவுது?"

"அப்ப அண்ணாச்சி வயச யாரோ கொறச்சுச் சொல்லியிருக்காவக்கா" என்றேன்.

அவள் திரும்பி, திண்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த தன் கணவரைப் புதிதாகப் பார்த்தாள். அறுபதாம் கல்யாணம் தனக்கும் வரலாம் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தோன்றியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

சாகேப் வந்தார்

இனி நாங்கள் செய்த மடத்தனம்.

பத்திரிகை என்று ஒன்று அடித்துவிட்டால், அதை முதலாளிக்கு வைக்காமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. வாடகை வீட்டுக்காரர், ரேஷன் கடைக்காரர், ஆபீஸ் சாகேப் எல்லாருக்கும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினால்தான் விசேஷம் விசேஷமாகும். என் கணவர் மில்லின் லேபர் ஆபீசருக்குத் தட்டை நீட்டினார். எங்களில் ஒருவருக்காவது இது வினையாகும் என்று தோன்றவேண்டுமே! சாகேப் எங்கள் சந்துக்கு வரப்போகிறார் என்று இருவரும் பூரித்துப்போனோம்.

சாகேப் வந்தார். முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். தாலி ஏறியதும் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"அரே சுடலை, சச்முச் ஸாட் ஹோ கயா?" நிஜமாகவே அறுபது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"ஹாங் சாப்" என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி. பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மொய் கொட்டியது. பாண்டுப்பிலிருந்து, குர்லாவிலிருந்து, சயானிலிருந்து வந்து எழுதினார்கள். ஒரே பையனுக்கு இரண்டு தரம் காது குத்திய வீட்டாரும் வந்து ஒழுங்காக எழுதினார்கள். சண்முகவடிவு அக்கா எனக்கு நலுங்கு வைத்தாள். இத்தனை வருஷம் நான் பின்னால் நின்று பார்த்த பலகை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகையினால் என்று சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்பே கோயம்புத்தூரிலிருந்து கல் வந்து இறங்கியது. கைவண்டியில் வைத்துச் சந்துக்குள் கொண்டுவந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களால் வண்டி நகரவில்லை. சுவிட்சைப் போட்டதும் அது உறுமிக்கொண்டு சுற்ற, சந்துப் பிள்ளைகள் எல்லாம் கூவினார்கள். சயான்காரரின் கல் இன்னும் ரயிலில் இருந்தது. செம்பூர் எனக்கு.

அதே வாரம் மில்லில் என் கணவரைக் கூப்பிட்டார்கள்.

சாகேப் மேசையில் எங்கள் பத்திரிகை மஞ்சள் தடவிய மூலையோடு இருந்ததாம். மில்லில் ஐம்பத்தெட்டுக்கு மேல் வேலை கிடையாது. இரண்டு வருஷம் அதிகமாக வேலை பார்த்ததற்கு நியாயமாக நடவடிக்கை எடுக்கவேண்டும். நல்ல சாப்பாடு போட்டதால் மன்னித்து, ஒழுங்காகக் கணக்குத் தீர்த்து அனுப்புவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, பத்திரிகையில் இருப்பது பொய் என்றால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, வேலையில் இரு என்றார்.

என் கணவர், "நை சாப். ஸாட் ஹோ கயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை. கதவருகே நின்று கேட்ட பியூன் இசக்கி அண்ணாச்சி சாயங்காலம் சந்து முழுக்கச் சொன்னார். "சாகேபே எறங்கி வந்து கேக்காரு, பொய்யின்னு எழுதிக் குடுவே, வேலையத் தாரேன்னு. மனுசன் பொய் எழுதமாட்டேன்னுட்டாருல்லா!" கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தச் சந்தில் உண்மை பேசுகிற ஒரே ஆள் என்று அவருக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேலை என்றால் அவருக்கு உயிர். சங்கு ஊதுவதற்குக் கால்மணி முன்பே மில் வாசலில் நிற்கிறவர்.

"எழுதிக் குடுத்துட்டு இருந்திருக்கலாம்லா?"

"குடுத்தா இசக்கி வெளிய வந்து சொல்லுவான். அம்புட்டுப் பேரும் மொய்யத் திருப்பிக் கேப்பான். ஒங் கல்லுல்லா போயிரும்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஊறிய அரிசியைக் களைய உட்கார்ந்தார்.

சந்தில் அடுத்த மாதமே மூன்று பேர் அறுபதைத் தொட இருந்தார்கள், இசக்கி அண்ணாச்சி உட்பட. மில்லில் நடந்ததைக் கேட்டதும் மூவரும் ஒரே ஓட்டமாக நாற்பதுகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மறுபடியும் காப்பி

நாலு வருஷம் ஓடியது. ஒரு கல் மூன்றாயிற்று. சந்துக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டோம். அரிசி களைய ஐந்து பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி சண்முகவடிவு அக்கா.

வங்கிகள் சர்க்கார் கைக்குப் போன சமயம், ஒரு நாள் கொட்டகை வாசலில் குடையோடு ஒருவர் சாக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தார். கும்பகோணத்து மேனேஜர்! இந்தத் தடவை காப்பி நான் கொடுத்தேன்.

"அம்மா, மேலேர்ந்து உத்தரவு. சிறுதொழிலுக்கெல்லாம் கடன் குடுத்தே ஆகணும். ஆள்தான் கெடைக்கலை. ஒங்காத்துக்காரரைக் கூப்பிடுங்கோ. இப்பவாவது அவருக்குத் தொழில் தெரியுமோன்னோ?"

கையெல்லாம் மாவாக வந்த என் கணவர், அரிசிக்கு இவ்வளவு உளுந்து, வெயில் காலத்துக்கு இப்படி, மழைக் காலத்துக்கு அப்படி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மேனேஜர் முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார்.

"பேஷ்! வயசு?"

என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் அரிசித் தொட்டியிலிருந்து சண்முகவடிவு அக்காவின் குரல் வந்தது.

"அறுபது முடிஞ்சு நாலு வருசமாச்சு சார்! நாங்கல்லாம் மொய் எழுதினோம்லா!"

மேனேஜர் பேனாவை மூடினார். அறுபதுக்கு மேற்பட்டவருக்குக் கடன் கொடுக்க ரூல் இல்லை. பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொட்டகை முழுக்கக் கண்ணை ஓட்டினார். எங்கே திரும்பினாலும் பெண்கள்.

"வேற ஆம்பளை யாரும் இல்லையா? பிள்ளை?"

"பிள்ளை இல்லை சார்" என்றேன்.

ஆயுளில் அந்த வார்த்தையை வலிக்காமல் நான் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னதோடு, சிரிப்பும் வந்தது.

மேனேஜர் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு காகிதங்களை என் பக்கம் திருப்பி வைத்தார். "சரி, வேற வழி இல்லை. நீங்களே போட்டுடுங்கோ."

போட்டேன். பேச்சியம்மாள் என்று முழுசாக எழுதினேன். என் கணவர் குனிந்து, மை காய ஊதினார்.

மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அவர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏளா, நெசமாவே எனக்கு அறுபது வாரப்ப என்ன செய்ய?"

"என்ன செய்ய? அன்னைக்கும் மாவு ஆட்டணும்" என்றேன். "ஒங்களுக்குத்தான் அறுபது எப்பவோ ஆயிட்டே."